எண்ணும் அதன் எழுத்தும்

நாங்கள் குடியிருக்கும் மேய்ஸ் ஹில்லின் அஞ்சல் எண் 2145. வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், கிரவீன் ஆகிய ஊர்களுக்கும் இதுவேதான். மேற்கு சிட்னித் தமிழர்களில் பலர் வங்கிப் படிவத்திலும் பள்ளிப் படிவத்திலும் ஆண்டுக்கணக்காக எழுதிவரும் எண். அதன் நான்கு இலக்கங்களையும் கலைத்து அடுக்கிப் பாருங்கள். பெரியதில் தொடங்கி இறங்கினால் 5421. சிறியதில் தொடங்கி ஏறினால் 1245. கழித்தால் 4176. இதற்கும் அதையே செய்யுங்கள்: 7641 கழித்தல் 1467, விடை 6174. மறுபடியும் செய்தால் அதே 7641, அதே 1467, அதே 6174. இனி எத்தனை முறை செய்தாலும் அது நகராது.

மெல்பர்ன் நகரத்தின் 3000ஐ எடுத்தால் ஆறாவது கழித்தலில் அங்கே வந்து சேர்கிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் அஞ்சல் குறியீட்டில் எழுத்துகள் கலந்திருக்கும்; அங்கே இருப்பவர்கள் பிறந்த ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் அதிகம் போனால் ஏழு படிகளில் 6174இல் போய் நிற்கும். சிட்னியின் பென்ஷர்ஸ்ட்காரர்கள் மட்டும் மன்னிக்க வேண்டும். அவர்களுடைய 2222 முதல் கழித்தலிலேயே பூச்சியமாகிவிடும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. முதல் கழித்தலின் விடையை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: மிகப் பெரிய இலக்கத்துக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசம், நடுவில் உள்ள இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதை 999ஆலும் இரண்டாவதை 90ஆலும் பெருக்கிக் கூட்டினால் விடை. 2145க்கு அவை 4, 2. ஆகவே 3996உடன் 180, மொத்தம் 4176. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. எண்ணிப் பார்த்தால் 54 சேர்க்கைகள்தான் வரும். ஆக, ஆயிரக்கணக்கான எண்களும் ஒரே கழித்தலில் 54 எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54ஐயும் ஒரு மாலைப்பொழுதில் கையால் சரிபார்த்துவிடலாம். நான் பார்த்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர். 1905இல் மகாராஷ்டிரத்துத் தஹாணுவில் பிறந்தவர். புணே பெர்குசன் கல்லூரியில் 1929இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்குப் போகவில்லை. 1930 முதல் 1962 வரை நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். 6174ஐ அவர் முதலில் கணித உலகின் முன் வைத்தது நம் ஊரில்தான்: 1949இல் நடந்த சென்னைக் கணித மாநாட்டில். ஆறு ஆண்டு கழித்து அமெரிக்க இதழான ஸ்கிரிப்டா மாத்தமாட்டிகாவில் வெளியிட்டார். மற்றபடி சிறு சிறு வெளியீடுகளாகத் தானே அச்சிட்டுக்கொண்டார். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்தியில் எழுதிய பிறகே உலகம் அவர் பக்கம் திரும்பியது. அப்போது அவருக்கு வயது எழுபது.

முதுகலைக்காக 2005இல் சிட்னிக்கு வந்தவன் நான். அதற்கு முன்பும் பின்பும் கணிதம் தெரிந்த நண்பர்களிடம் கப்ரேகர் பெயரைச் சொன்னால் ஒரு புன்னகை வரும். நல்ல விளையாட்டு என்பது அதன் பொருள். அந்தப் புன்னகைக்கு மதிப்புமிக்க பரம்பரை உண்டு. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட ஹார்டி 1940இல் எழுதிய புத்தகம், 'எ மாத்தமெட்டீஷியன்ஸ் அப்பாலஜி'. அதில் இவ்வகை உண்மைகள் இரண்டை எடுத்துக் காட்டுகிறார். தலைகீழாகத் திருப்பிய எண்ணின் மடங்குகளாக இருக்கும் நான்கிலக்க எண்கள் 8712உம் 9801உம் மட்டுமே: 8712 என்பது 2178இன் நான்கு மடங்கு, 9801 என்பது 1089இன் ஒன்பது மடங்கு. இன்னொன்று, 1க்கு அப்பால் தன் இலக்கங்களின் முப்படிகளைக் கூட்டினால் தானே கிடைக்கும் எண்கள் நான்குதான்: 153, 370, 371, 407. புதிர்ப் பத்திக்கு இவை பொருந்தும், கணிதருக்கு இவற்றில் ஒன்றுமில்லை என்பது அவர் தீர்ப்பு. வேறெங்கும் கொண்டு செல்ல முடியாத உண்மைகள் இவை என்பது காரணம்.

அதே ஹார்டி மருத்துவமனையில் கிடந்த ராமானுஜனைப் பார்க்க 1729 என்ற எண்ணுள்ள டாக்சியில் போய், எண்ணில் சுவாரசியம் இல்லை என்று சொன்ன கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இரண்டு முப்படிகளின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்பது ராமானுஜனின் பதில். கப்ரேகரிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். 1729இன் இலக்கங்களைக் கூட்டினால் 19. 19ஐத் திருப்பினால் 91. இரண்டையும் பெருக்கினால் 1729. இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதமின்றி வகுபடும் எண்களுக்குக் கப்ரேகர் ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தார். மகிழ்ச்சி தருவது என்று வடமொழிப் பொருள்.

இரண்டு பதில்களும் உண்மை. ஆனால் ஒரே மாதிரி உண்மை அல்ல. ராமானுஜன் சொன்னது 1729 என்ற அளவைப் பற்றியது. எந்த எழுத்தில் எழுதினாலும், எழுதாமல் கூழாங்கற்களாகக் குவித்து வைத்தாலும் அது மாறாது. கப்ரேகர் வழிப் பதில் அந்த அளவுக்கு நாம் இட்ட பெயரைப் பற்றியது. பத்துப் பத்தாகக் கட்டி, இடமதிப்பு வைத்து எழுதுகிறோம் என்பதால் மட்டுமே அது இருக்கிறது.

நம் பழைய தமிழ் எண்முறையில் அந்தப் பதிலுக்கே இடம் குறைவு. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. 6174ஐ ௬௲௱௭௰௪ என்று எழுதுவார்கள். இதில் நூறு என்பதற்கு முன்னால் ஒன்று என்ற இலக்கமே இல்லை. ௱ஐ வால்பக்கம் தூக்கிப் போட்டால் அது புது எண் ஆகாது, உளறல் ஆகும். ஏறுவரிசை, இறங்குவரிசை என்ற விளையாட்டையே அந்தக் கணக்கர் யோசித்திருக்க வழியில்லை.

அளவு வேறு, பெயர் வேறு என்பது எனக்குப் பிழைப்பு தரும் விஷயமும்கூட. பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்குத் தரவுகளைக் கொண்டுபோகும் வேலைகளில் நிறைய இருந்திருக்கிறேன். டார்வினின் அஞ்சல் எண் 0800. அதை எண் என்று நினைத்து எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூச்சியம் உதிர்ந்துவிடும், வெறும் 800 மிஞ்சும். அப்படி ஓர் ஊரே காணாமல் போயிருந்த தரவுத்தளத்தைத் திறந்திருக்கிறேன். அஞ்சல் எண்ணைக் கூட்டவோ சராசரி பார்க்கவோ தேவை இல்லை. அது இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். பெயரில் ஒரு பூச்சியத்தைக்கூட உதறக் கூடாது. தந்தை பெயரின் முதலெழுத்து குடும்பப்பெயராகி, தன் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, வங்கி அட்டையில் யாரோ ஒருவராக நிற்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கப்ரேகரின் கணக்கிலும் இப்படித்தான். 2111ஐ எடுத்தால் 2111 கழித்தல் 1112, விடை 999. இதை மூன்றிலக்க எண்ணாக வைத்துக்கொண்டால் அடுத்த படியில் பூச்சியம் வந்து கதை முடிந்தது. 0999 என்று நான்காக எழுதினால் 9990 கழித்தல் 0999 என்று தொடர்ந்து 8991, 8082, 8532 வழியாக 6174க்குப் போய்ச் சேரும்.

அவர் கண்ட வரிசைகளில் எனக்கு நெருக்கமானது வேறொன்று. ஓர் எண்ணுடன் அதன் இலக்கங்களைக் கூட்டுங்கள். 2132 என்றால் 2, 1, 3, 2 சேர்ந்து 8, கூட்டினால் 2140. சிட்னிக் கணக்கில் சொன்னால் குரோய்டன் ஹோம்புஷைப் பெற்றெடுக்கிறது. 2132ஐ 2140இன் பிறப்பாக்கி என்று சொல்லலாம். எல்லா எண்களுக்கும் இப்படி ஒரு பிறப்பாக்கி இருக்குமா? இல்லை. 1, 3, 5, 7, 9, பிறகு 20, 31, 42, 53 என்று போகும் ஒரு வரிசைக்கு எந்த எண்ணும் பிறப்பாக்கி கிடையாது. கப்ரேகர் இவற்றைச் சுயம்பு என்றார். தன் ஊரின் பெயரால் தேவ்லாலி எண்கள் என்றும் சொல்வதுண்டு.

2145 ஒரு சுயம்பு எண். சரிபார்ப்பது எளிது. இந்த எல்லையில் இலக்கங்களின் கூட்டுத்தொகை 28ஐத் தாண்டாது. ஆகவே 2117 முதல் 2144 வரை பார்த்தால் போதும். 2129 வரை வந்தால் 2143 கிடைக்கிறது. 2134க்கு 2144. 2135க்கு 2146. 2140க்கு 2147. எதுவும் 2145ஐத் தொடுவதில்லை. இதை வைத்து எங்கள் ஊருக்குத் தலபுராணம் எழுத வேண்டாம். பெரும்பாலும் பதினோரு எண்களுக்கு ஒருமுறை சுயம்பு வந்துவிடும். பர்வுட்டின் 2134உம் சுயம்புதான்.

இந்த எண்களுக்கு இன்னொரு பெயரும் உண்டு. 1970களில் கொலம்பியாவைச் சேர்ந்த பெர்னார்டோ ரெக்கமான் ஓர் அமெரிக்க இதழில் இதே எண்களைப் புதிராக முன்வைத்தார். அதனால் அங்கே கொலம்பிய எண்கள் என்றார்கள். ஹர்ஷத் எண்களும் அமெரிக்காவில் ஐவன் நிவென் என்பவரின் உரைக்குப் பிறகு நிவென் எண்கள் ஆயின. தேவ்லாலியில் ஒரு பெயர், கடல் தாண்டினால் வேறு பெயர். இதுவும் நமக்குப் புதிதல்ல. எங்கள் குன்றின்மேல் 1999இல் குடமுழுக்குக் கண்ட சிட்னி முருகன் கோயில் இருக்கிறது. மேய்ஸ் ஹில்லை வைகாசிக் குன்று என்பவர்கள் உண்டு. மே மாதம் என்றால் வைகாசி, ஹில் என்றால் குன்று, முருகனுக்கோ விசாகம் வைகாசியில். இந்தப் பொருத்தம் தமிழில் மட்டும் நிற்கிறது. வேறு மொழியில் அதை எழுதிப் பார்க்கவே முடியாது.

என் மகள் 2012இல் பிறந்தவள். தன் வகுப்புத் தோழியிடம் இந்த வைகாசிக் குன்றைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "ஜோக்கே இல்லாம போயிடுச்சுப்பா. எல்லாத்தையும் எக்ஸ்ப்ளெயின் பண்ண வேண்டியிருக்கு" என்றாள். அடுத்த ஆண்டும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போவதா, அந்த நேரத்தில் கூடைப்பந்துக்குப் போவதா என்று அவள் முடிவெடுக்க வேண்டிய மாதம் அது.

பேச்சை மாற்ற அவள் பிறந்த ஆண்டை எடுத்தோம். 2012க்குப் பிறப்பாக்கி 2005. நான் இங்கே வந்து இறங்கிய ஆண்டு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளில் கணக்குப் போட்டவள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள்: 1987உடன் 25ஐக் கூட்டினாலும் 2012. இரண்டு பிறப்பாக்கிகள். உடனே அம்மாவிடம் ஓடினாள். அம்மா பிறந்தது 1984. மூன்று ஆண்டு தள்ளிப்போனதில் அவளுக்குப் பெரிய ஏமாற்றம். எனக்கு நிம்மதி. வண்டி எண்ணைக் கூட்டி ஒன்பது வருகிறதா என்று பார்க்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். கணக்கு நம்மைப் பற்றிப் பேசவில்லை என்று சீக்கிரமே தெரிந்துகொள்வது நல்லது.

"ஆனா இது பத்தாம் அடிமானத்துல மட்டும்தானே?" என்று கேட்டாள். அடிமானங்களைப் பள்ளியில் நடத்தியிருக்கிறார்கள். ஆமாம் என்றேன். "அப்போ இது நம்பரைப் பத்தி இல்ல, எழுதுறதைப் பத்தி. வேற மாதிரி எழுதினா போயிடும்." சற்றுப் பொறுத்து, "தமிழ் மாதிரி" என்றாள்.

ஹார்டி சொன்னதைத்தான் அவள் சொன்னாள், இன்னும் சுருக்கமாக. இடம் பெயர்ந்தால் கூட வராத ஒன்றுக்காக எதற்கு சனிக்கிழமைகளைச் செலவிட வேண்டும் என்பது அதன் மறுபாதி. நம் பண்பாடு, நம் வேர் என்று தொடங்கினால் அவள் கைபேசியை எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். கேள்வி கணக்கில் வந்தது. கணக்கிலேயே பார்ப்போம் என்று மூன்றிலக்க எண்களை எடுத்தேன்.

பத்தாம் அடிமானத்தில் மூன்று இலக்கங்களை வைத்து அதே கழித்தலைச் செய்தால் 495இல் போய் நிற்கும். இனி எட்டாம் அடிமானத்தில், அதாவது 8, 9 என்ற இலக்கங்களே இல்லாத எழுத்தில் செய்தால்? 495 அங்கே கிடையாது. ஆனால் 374 இருக்கிறது: எட்டாம் அடிமானத்தில் 743இலிருந்து 347ஐக் கழித்தால் 374. கணினிக்காரர்கள் தினமும் புழங்கும் பதினாறாம் அடிமானத்தில் 7, 15, 8 என்ற மூன்று இலக்கங்கள். மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்: 4 9 5, 3 7 4, 7 15 8. அவளே பார்த்துச் சொன்னாள். கடைசி இலக்கம் அடிமானத்தில் பாதி. முதல் இலக்கம் அதைவிட ஒன்று குறைவு. நடுவில் இருப்பது அந்த அடிமானத்தின் மிகப் பெரிய இலக்கம்.

விடை கூட வரவில்லை. கேள்வி வந்தது. வந்த இடத்தில் அந்த ஊர் இலக்கங்களைக் கொண்டே தனக்கொரு விடையை உண்டாக்கிக்கொண்டது. எல்லாக் கேள்விகளும் அப்படி வாய்ப்பதில்லை என்பதையும் காட்டினேன். நான்கு இலக்கங்களுக்குப் பதினாறாம் அடிமானத்தில் 6174 போல ஒரு நிலையான எண் கிடையாது. அங்கே எதை எடுத்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சில விஷயங்கள் ஓர் எழுத்தில் மட்டும்தான் உண்டு. அதனால் அவை பொய்யாகிவிடுவதில்லை. 54ஐயும் சரிபார்த்து முடித்த பிறகு 6174இல் சந்தேகப்பட எதுவும் இல்லை; உலகத்தில் எந்தத் தேற்றத்துக்கும் அது நிச்சயத்தில் குறைந்ததல்ல. எங்கே செல்லும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அவ்வளவே.

எல்லை உள்ள உண்மையை என்ன செய்வது என்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன நீல் ஸ்லோன், 1964இல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது எண் வரிசைகளைச் சேகரிக்கத் தொடங்கினார். 1973இல் அது 2372 வரிசைகள் கொண்ட புத்தகமாக வந்தது. 1996இல் இணையத்துக்கு வந்து, இன்று லட்சக்கணக்கான வரிசைகள் கொண்ட கலைக்களஞ்சியம். பகா எண்கள் இருக்கும் அதே களஞ்சியத்தில் சுயம்பு எண்களும் ஹர்ஷத் எண்களும் இருக்கின்றன. எழுதும் அடிமானத்தைச் சார்ந்த வரிசை என்றால் அருகில் 'பேஸ்' என்று ஒரு சிறு குறி போட்டுவிடுவார்கள். வெளியே தள்ளுவதில்லை. சார்ந்தவர் விசாவில் இந்த நாட்டுக்குள் வந்தவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. அந்தக் குறியின் பொருள் அவர்களுக்குத் தெரியும். உள்ளே வந்தாயிற்று. எதைச் சார்ந்து என்பதை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சுயம்பு எண்ணில் எனக்குப் பிடித்தது அதன் தொடக்கம்கூட அல்ல, தொடர்ச்சி. 2145க்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் இருக்கிறார்கள்: 12ஐக் கூட்ட 2157, 15ஐக் கூட்ட 2172, பிறகு 2184, 2199 என்று முடிவில்லாமல் போகும். இங்கே பிறந்த நம் பிள்ளைகளிடம் உண்மையில் நீ எந்த ஊர் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எப்போதும் பிறப்பாக்கியைத்தான் தேடுகிறார்கள். அடுத்து என்ன எண் வரும் என்று யாரும் கேட்பதில்லை.

மகள் இன்னும் ஓராண்டு தமிழ் வகுப்புக்குப் போகிறாள். கப்ரேகர் காரணம் அல்ல. அவளுடைய இரண்டு தோழிகள் தொடர்கிறார்கள், கூடைப்பந்து வெள்ளிக்கிழமைக்கு மாறிவிட்டது. ஆனால் அந்தத் தாளை அவள் தூக்கிப் போடவில்லை. பன்னிரண்டாம் அடிமானத்துக்கு 5, 11, 6 என்று கணக்குப் போடாமலே எழுதியிருந்தாள், சரிதான். அதற்குக் கீழே ஒன்பதாம் அடிமானம். ஒன்பதில் பாதி கிடையாது, ஆகவே அவளுடைய விதி அங்கே செல்லாது. ஆனாலும் விடாமல் கழித்துக்கொண்டே போயிருக்கிறாள். 385 வந்திருக்கிறது. அடுத்து 484. அடுத்து மீண்டும் 385.

"அப்பா, இது ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. ரெண்டு இடத்துக்கும் போயிட்டுப் போயிட்டு வருது" என்றாள். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம். கூட உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். தப்பே இல்லை. ஒற்றைப்படை அடிமானங்களில் அது அப்படித்தான்.